கண்ணோட்டமும் கடைமடையும்

இன்றைய தமிழில் 'கண்ணோட்டம்' என்ற சொல்லுக்கு நோக்கு, பார்வை என்று பொருள். நூல் மதிப்புரை எழுதுவோர் 'என் கண்ணோட்டத்தில்' என்று தொடங்கி நிறைகுறைகளை எடுத்துரைப்பர். ஆனால் திருவள்ளுவர் அச்சொல்லை ஓர் அதிகாரத்தின் தலைப்பாக வைத்தபோது அது இரக்கத்தைக் குறித்தது. பழகியவர்மீது கண் சென்று படியும்போது நெஞ்சில் நிகழும் நெகிழ்ச்சியே அவர் கருதிய கண்ணோட்டம். ஒரே சொல் ஒரு காலத்தில் கருணைக்கும் மற்றொரு காலத்தில் திறனாய்வுக்கும் உரியதாயிற்று. மொழியின் போக்கில் தற்செயலாக நேர்ந்த மாற்றமாக இது இருக்கலாம். எனினும் நம் அன்றாட வாழ்வின் பெரியதொரு சிக்கலை அது நம்முன் வைக்கிறது. இரங்குவதும் எடைபோடுவதும் ஒரே கண்ணின் தொழில்களாக இருத்தல் இயலுமா? இயலுமெனில் எவ்வாறு?

திருக்கனூர் போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி அன்று. மண்ணாடிப்பட்டு கொம்யூனாயினும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களாயினும், ஊரார் ஒருவரோடொருவர் மாமன், மச்சான், பங்காளி, சம்பந்தி என்ற முறையிலோ ஒரே பள்ளியில் படித்த பழக்கத்திலோ கட்டுண்டவர்கள். தவறு செய்தவரும் தெரிந்தவர். தட்டிக்கேட்க வேண்டியவரும் தெரிந்தவர். மறுநாள் காலை அதே தேநீர்க் கடையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். கண்டிப்பவருக்குக் 'கல்நெஞ்சர்' என்ற பெயரும், கண்டிக்காதவருக்குத் 'தாட்சணியத்துக்குக் கட்டுப்பட்டவர்' என்ற பெயரும் காத்திருக்கின்றன. 'தாட்சணியம் தனநாசம்' என்று பழமொழி ஒருபுறம் அச்சுறுத்துகிறது. குற்றத்தையே தேடிக்கொண்டிருந்தால் உறவென்று எவரும் மிஞ்சார் என்று ஔவையின் கொன்றைவேந்தன் மறுபுறம் எச்சரிக்கிறது. இரண்டும் அனுபவத்தில் விளைந்த அறிவுரைகளே. ஆனால் எப்பொழுது எதைக் கொள்வது என்பதை அவை சொல்லவில்லை. அதைச் சொல்ல முயன்றவர் வள்ளுவர்.

அரசியலில் வைத்த இரக்கம்

திருக்குறளில் இரக்கத்தோடு தொடர்புடைய அதிகாரங்கள் மூன்றினை ஒப்பிட்டுக் காண்போம். அன்புடைமை 8ஆம் அதிகாரம். அது இல்லறவியலில் உள்ளது. அருளுடைமை 25ஆம் அதிகாரம். அது துறவறவியலில் உள்ளது. கண்ணோட்டமோ 58ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில், அரசியலில் இடம்பெறுகிறது. அதற்கு முன்னே நிற்பது குடிகள் அஞ்சத்தக்கன செய்யாமையைக் கூறும் வெருவந்த செய்யாமை. பின்னே வருவது ஒற்றாடல். அதாவது மறைவாக நடப்பனவற்றை ஒற்றர் வழியே அறிதல். கொடுமையைத் தவிர்ப்பதற்கும் உண்மையைத் துருவி அறிவதற்கும் நடுவில் வள்ளுவர் இரக்கத்தை வைத்திருக்கிறார். இந்த வைப்புமுறை பெரிதும் சிந்திக்கத்தக்கது. கையில் ஏதேனும் ஓர் அதிகாரம் உள்ளவருக்கே கண்ணோட்டம் பொருட்டான அறமாகிறது என்பது இதன் குறிப்பு. தண்டிக்க வல்லவன் தண்டியாமல் விடுவதற்கே இரக்கம் என்று பெயர். தண்டிக்க இயலாதவன் சும்மா இருப்பது இயலாமை.

அரசர்கள் மறைந்துவிட்டனர், ஆயினும் அதிகாரம் மறையவில்லை. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர், சங்கத்தின் கணக்கை வைத்திருக்கும் பொருளாளர், கடன் கொடுக்கும் மளிகைக் கடைக்காரர், மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி, பிள்ளைகளுக்கு நடுவே நியாயம் சொல்லும் தாய் என எல்லோருக்கும் ஒரு சிறு செங்கோல் வாய்த்திருக்கிறது. எனவே அந்த அதிகாரம் நமக்கும் உரியதே.

இனி, வள்ளுவரிடத்தில் ஒரு முரண்பாடு தோன்றுகிறது. செங்கோன்மை என்னும் 55ஆம் அதிகாரத்தின் முதற்குறளிலேயே, முறை செய்பவன் எவரிடத்தும் கண்ணோடாது தேர்ந்து செய்ய வேண்டும் என்கிறார். மூன்று அதிகாரங்கள் கழித்து, கண்ணோட்டமே உலகத்தைத் தாங்குகிறது என்கிறார். அங்கே குற்றமாகச் சொல்லப்பட்டது இங்கே குணமாகப் போற்றப்படுகிறது. சொல்லும் ஒன்றே. ஒரு புலவர் தம் சொல்லைத் தாமே மறுத்தார் என்று இதனைக் கொள்ளலாகாது. ஏனெனில் 58ஆம் அதிகாரத்தின் எட்டாம் குறளில் இவ்விரண்டையும் அவரே ஒன்றாக முடிச்சிடுகிறார். தன் கடமை சிதையாதவாறு கண்ணோட வல்லவர் எவரோ, அவருக்கே உலகம் உரியது என்பது அக்குறளின் கருத்து. பரிமேலழகர் இங்கே 'வல்லார்' என்ற சொல்லில் நின்று நிதானிக்கிறார். முறை கெடும் இடத்தில் கண்ணோடாமையும், கெடாத இடத்தில் கண்ணோடுதலும் ஒருவருக்கே இயல்பாக அமைவது அரிது. ஆதலின் அது வல்லமை எனப்பட்டது என்று அவர் விளக்குகிறார். கருணை பிறவிக்குணமாகச் சிலருக்கு வாய்க்கலாம். கடமையைச் சிதைக்காத கருணையோ பயின்று பெறவேண்டிய திறன்.

அவ்வதிகாரத்தின் கடைசிக் குறள் மிகவும் புகழ்பெற்றது. கண்ணெதிரே நஞ்சைக் கலப்பதைக் கண்டும், பழகியவர் தருகிறார் என்பதற்காக அதை உண்டு அமைகின்ற நாகரிகத்தை அது பேசுகிறது. இதனை மேடைகளில் எடுத்தாள்வோர் பலர், எல்லாவற்றையும் பொறுத்துப் போகவேண்டும் என்பதற்கு ஆதாரமாக்குவர். உரையாசிரியர் அவ்வாறு விட்டுவிடவில்லை. ஒறுக்காமல் கண்ணோடத்தக்கது தம்மிடத்துக் குற்றம் செய்தபோதே என்பது இக்குறளாலும் இதற்கு முந்திய குறளாலும் கூறப்பட்டது என்று எல்லை வகுக்கிறார். நஞ்சு என் கிண்ணத்தில் விழுந்தால் அதை உண்ணவோ மன்னிக்கவோ எனக்கு உரிமை உண்டு. அண்டை வீட்டாரின் கிண்ணத்தில் விழுந்த நஞ்சை மன்னிக்க எனக்கு ஏது உரிமை? இவ்வினாவில்தான் கருணைக்கும் தீர்ப்புக்கும் உரிய எல்லைக்கோடு இருக்கிறது.

கடைமடைக்காரர்

இந்த எல்லைக்கோட்டை நம் வயற்காட்டிலேயே காணலாம். ஏரிப் பாசனத்தில் தண்ணீருக்கு முறை உண்டு. மதகருகே நிலம் உடையவர் தலைமடைக்காரர்; வாய்க்காலின் கடைசியில் இருப்பவர் கடைமடைக்காரர். தலைமடையில் ஒருவர் தம் முறை முடிந்தபின்னும் இரவோடிரவாக மடையைத் திறந்து நீர் பாய்ச்சிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். அவர் முன்வந்து நின்று, வீட்டில் நோயாளி இருப்பதையும், கடன் கழுத்தை நெரிப்பதையும் சொல்லிக் கண்கலங்குகிறார். கூடியிருந்தோர் மனம் இளகுகிறது. 'போகட்டும், பாவம்' என்று எழுந்துவிடுகிறார்கள். அவர் சொன்னவை அனைத்தும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கடைமடையில் வெடித்த வயலுக்குச் சொந்தக்காரர் அங்கே வந்து அழவில்லை. அவருடைய வீட்டிலும் நோயாளி உண்டு. அவருக்கும் கடன் உண்டு. அவர் கண்முன் இல்லை என்பது ஒன்றே குறை.

இரக்கம் கண்ணின்வழிப் பிறப்பது என்பதால் அதன் பலம் எங்கே இருக்கிறதோ அங்கேயே அதன் பலவீனமும் இருக்கிறது. எதிரே நிற்பவரை அது முழுமையாகக் காண்கிறது. எதிரே இல்லாதவரை மறந்துவிடுகிறது. சங்கப் பணத்தைக் கையாடியவரிடம் 'குடும்பஸ்தர்' என்று இரங்குகிறோம். சந்தா கட்டிய நூறு குடும்பஸ்தர்களின் முகம் அப்போது நினைவில் எழுவதில்லை. படிக்காத மாணவனுக்குப் பரிவோடு மதிப்பெண் போடுகிறோம். அவன் பின்னாளில் மேல்வகுப்பில் தட்டுத்தடுமாறப் போவதும், விழித்திருந்து படித்த மற்றொரு மாணவி இடம் இழப்பதும் அந்த விடைத்தாளில் தெரிவதில்லை. ஆகவே ஒரு முடிவுக்கு வரலாம்: நேர்மையான தீர்ப்பு என்பது, கண்முன் இல்லாதவர்மீது காட்டும் கண்ணோட்டம். கருணைக்கு எதிரே நிறுத்தப்பட்ட பகைவனாகத் தீர்ப்பைக் கருதுவதே முதற்பிழை. கருணையின் கை எட்டாத இடத்துக்கு அதைக் கொண்டு சேர்க்கும் வாய்க்காலே தீர்ப்பு.

ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் கண்டிப்பவர்கள் மகிழ்ந்துபோவர். தீர்ப்பு வழங்குவோர்க்கும் குருடு உண்டு. அதற்கு நம் மண்ணிலேயே பழையதொரு சான்று இருக்கிறது.

1716: காணாமல் கூறிய தீர்ப்பு

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் தரகராக 1708 முதல் இருந்தவர் நயினியப்பப் பிள்ளை. நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அவர் மாமன் முறையினர். 1716இல் ஆளுநர் ஏபேர் அவரைச் சிறைப்படுத்தினார். கொடுமை செய்தார், கலகம் மூட்டினார் என்பன அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்கள். கடைவீதியில் ஊரறியக் கசையடி, சிறைவாசம், பெருந்தொகை அபராதம், நாடு கடத்தல் எனத் தண்டனைகள் அடுக்கப்பட்டன. 1717இல் அவர் சிறையிலேயே இறந்தார். பின்னர் வழக்கு பிரான்சுக்கு மேல்முறையீடாகச் சென்றது. தீர்ப்பு தவறென்று தள்ளப்பட்டு அவருடைய பெயர் மீட்கப்பட்டது. அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை பாரீசு வரை சென்று முறையிட்டு, அங்கே ஞானஸ்நானம் பெற்று, 1722இல் தந்தையின் பதவிக்கு வந்தார். பெயர் மீண்டதே தவிர உயிர் மீளவில்லை.

இவ்வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது விசாரணை நடந்த முறை. தமிழில் சொல்லப்பட்ட சாட்சியம் போர்த்துக்கீசிய மொழியின் வழியாகப் பெயர்க்கப்பட்டுப் பிரெஞ்சில் எழுதப்பட்டது. தாங்கள் கையொப்பமிட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதையே அறியோம் என்று சாட்சிகள் சிலர் பின்னாளில் கூறினர். குற்றம் சாட்டப்பட்டவர் தம்மை எதிர்த்து என்ன சொல்லப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டு விடையளிக்க வழியில்லை. மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நயினியப்பர் கிறிஸ்தவர் அல்லர் என்ற காரணத்தால் அப்பதவியில் அவர் இருத்தலாகாது என்று புதுச்சேரியிலிருந்த இயேசு சபையார் நெடுங்காலம் வற்புறுத்தி வந்தனர். அவருக்குப்பின் அவ்விடத்துக்கு வந்தவர் கிறிஸ்தவரான கனகராய முதலியார். தீர்ப்பு எழுதப்படுவதற்கு முன்பே முடிவு எழுதப்பட்டிருந்தால், விசாரணை வெறும் சடங்காகிவிடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. நம்முடைய முன்னோரும் அந்தக் குருட்டில் பங்குகொண்டனர் என்பதை ஒப்புக்கொள்வதால் திருச்சபையின் மாண்பு குறைந்துவிடாது, மறைப்பதாலேயே குறையும்.

300 ஆண்டுகளுக்கு முந்திய இக்கதை இன்று நம் கைக்குள்ளேயே நிகழ்ந்துகொண்டிருக்கிறது. கைப்பேசியில் ஒரு படம் வருகிறது. அதன்கீழ் இரண்டு வரிக் குற்றச்சாட்டு. படத்தில் இருப்பவர் யார், அவர் தரப்பு என்ன, படம் எப்போது எடுக்கப்பட்டது என்று கேட்பதற்குமுன் அது நூறு பேருக்கு அனுப்பப்பட்டுவிடுகிறது. கடைவீதியில் கசையடி கொடுக்க இப்போது ஆளுநர் தேவையில்லை. நாமே போதும். தாட்சணியத்தின் குறை அருகில் இருப்பவரை மட்டும் பார்ப்பது; இத்தகைய தீர்ப்பின் குறை எவரையுமே பாராதது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கண்ணை ஓடவிடுதல்.

முன்சீப்பு எழுதிய தமிழ்

நயினியப்பர் தமக்குத் தெரியாத மொழியில் தண்டிக்கப்பட்டார். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அதே சோழமண்டலக் கரையில் ஒரு கத்தோலிக்க நீதிபதி, நீதிமன்றத்தின் சொல் மக்களுக்குப் புரிய வேண்டும் என்று உழைத்தார். அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்டவர் என்றே அவரைப் பலரும் அறிவர். அவர் 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்து, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர். 1805 முதல் 1861 வரையிலான உயர்நீதித் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862இல் வெளியிட்டார். அதற்கு முன்பே 1859இல் அவருடைய நீதிநூல் வந்துவிட்டது. தமிழர் வழக்குத் தொடுத்து, தமிழர் சாட்சி சொல்லும் மன்றத்தில் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதாடுவதை அவருடைய நாவல் எள்ளி நகையாடுகிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்டனையைக் குறைப்பது மட்டுமே நீதிபதியின் கருணை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தண்டிக்கப்படுபவனுக்கு அவன் ஏன் தண்டிக்கப்படுகிறான் என்று அவனுடைய மொழியிலேயே விளங்கவைப்பதும் கருணைதான். அது தீர்ப்பின் ஒரு முழத்தையும் தளர்த்தாத கருணை. பிள்ளையவர்கள் கைக்கூலியைக் கடிந்து பாடியவர்; தளர்ந்த நீதிபதி என்று அவரை எவரும் சொல்லார். அவரே 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சத்தில் தம் பொருளைக் கொடுத்துக் கஞ்சி ஊற்றினார். மன்றத்தில் முறையும் வாசலில் கஞ்சியும் ஒரே மனிதரிடத்தில் கூடியிருந்தன. இடமறிந்து அவற்றைப் பயன்படுத்தினார் என்பதே அவருடைய வல்லமை.

அவருடைய நாவலிலும் இந்நோக்கு வெளிப்படுகிறது. ஞானாம்பாள் ஆண்வேடத்தில் விக்கிரமபுரியை ஆளும் பகுதியில், அவள் அரியணையில் அமர்ந்தவுடன் செய்யும் வேலை இலஞ்சத்தையும் அநீதியையும் களைவது. நாவல் என்ற வகையில் அப்பகுதி குறையுடையது. கதை நின்று உபதேசம் நீள்கிறது. ஞானாம்பாள் தவறவே மாட்டாள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் அவளுடைய தீர்ப்புகளில் வேதனை இல்லை. நன்மைக்கும் நன்மைக்கும் இடையே திகைத்து நிற்கும் மனத்தை வேதநாயகர் வரையவில்லை. அதை வரைய மற்றொருவர் வரவேண்டியிருந்தது.

இரண்டு தாய்மார்

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' பெரும் வாதப் பிரதிவாதங்களை எழுப்பிய சிறுகதை. மழையில் பேருந்துக்காகக் காத்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, அறியாத ஒருவனுடைய காரில் ஏறிச் சீரழிந்து வீடு திரும்புகிறாள். தாய் முதலில் கதறுகிறாள், அடிக்கிறாள். பிறகு, அண்டை அயலார் எட்டிப்பார்க்கும் அந்த ஒண்டுக்குடித்தன வீட்டில், விஷயத்தை மூடி மறைத்து, மகளை உட்காரவைத்துத் தலையில் நீரூற்றி, அவள் தூயவளே என்று தேற்றுகிறாள். ஒழுக்கத்துக்கு ஊறு விளைந்ததாகப் பலர் கொதித்தனர். ஆனால் அக்கதையின் ஆற்றல், தாயின் உள்ளே சில நிமிடங்களில் நிகழும் மாற்றத்தில் இருக்கிறது. ஊரின் கண்ணால் மகளைப் பார்த்தவள், தன் கண்ணால் பார்க்கத் தொடங்குகிறாள். அடித்த கையே நீரூற்றுகிறது. கண்ணோட்டம் என்ற சொல்லுக்கு நம் காலத்தில் எழுதப்பட்ட சிறந்த உரைகளுள் ஒன்று அது.

அக்கதைக்கு முதல் திறனாய்வு எழுதியவர்களுள் ஜெயகாந்தனையே சேர்க்க வேண்டும். 1970இல் நூலாக வெளிவந்து, 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அவர் அதே நிகழ்ச்சியை எடுத்து, தாய் வேறு விதமாக நடந்துகொண்டால் என்னவாகும் என்று கேட்டார். இங்கே தாய் கூவிவிடுகிறாள். செய்தி வீதிக்கு வந்துவிடுகிறது. அண்ணன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அடைக்கலம் கொடுத்துப் படிக்கவைக்கிறார் மாமா. அந்த அடைக்கலத்துக்கு அவர் எதிர்பார்க்கும் விலை கீழ்த்தரமானது. அண்ணனிடம் உள்ளது கருணையற்ற தீர்ப்பு. மாமாவிடம் உள்ளது கருணையின் முகமூடி. இரண்டுக்கும் நடுவில் கங்கா என்னும் பெண் தன் இளமையைக் கழிக்கிறாள். உபகாரம் என்ற பெயரில் வரும் அனைத்தும் உபகாரம் ஆகா. அதையும் எடைபோட்டுத்தான் ஏற்கவேண்டும் என்பதை இந்நாவல் கசப்போடு உணர்த்துகிறது.

எனினும் இரு படைப்புகளிலும் ஒரு குறை உறுத்துகிறது. காரில் வந்தவன் என்ன ஆனான்? சிறுகதையில் அவன் இருளில் கரைந்து போகிறான். நாவலில் பிரபு என்ற பெயரும் செல்வமும் குடும்பமும் பெற்று வருகிறான். கங்காவே அவனைத் தேடிப்போகிறாள். அவன் பலவீனன், பரிதாபத்துக்குரியவன் என்று நாம் அறிகிறோம். ஆசிரியரின் கண்ணோட்டம் அவன்மீதும் சென்று படிகிறது. அது பெருந்தன்மை, அதனால்தான் நாவல் உயிருள்ளதாக இருக்கிறது. ஆனால் வள்ளுவர் விதித்த நிபந்தனை இங்கே நிறைவேறவில்லை. அந்தக் கார் அடுத்த மழைநாளில் மற்றொரு நிறுத்தத்தில் நின்றிருக்கலாம் என்ற எண்ணம் சிறுகதையிலும் எழவில்லை, நாவலிலும் எழவில்லை. அந்த அடுத்த பெண், கதைக்குள் வராத கடைமடைக்காரி.

தாயைக் குறை கூறவா இது? இல்லை. ஊர் வாயில் மகள் விழுந்துவிடலாகாது என்று அஞ்சியவளுக்கு, மூடி மறைப்பதைத் தவிர வேறு வழி திறந்திருக்கவில்லை. ஊரின் தீர்ப்பு கொடியதாக இருக்கும் இடத்தில் கருணை ஒளிந்தே வாழவேண்டியிருக்கிறது. கருணை ஒளிந்து வாழும் இடத்தில் குற்றவாளியும் அதனோடு சேர்ந்து ஒளிந்துகொள்கிறான். பாதிக்கப்பட்டவளைத் தூற்றும் சமூகம், தன்னையறியாமல் பாதித்தவனுக்குக் காவல் நிற்கிறது. இதுவே அவ்விரு படைப்புகளையும் சேர்த்துப் படிக்கும்போது கிடைக்கும் பாடம். ஆசிரியர் நேரே சொல்லாவிட்டாலும் கதை சொல்லிவிடுகிறது.

இங்கே விவிலிய வாசகர்க்கு யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரம் நினைவுக்கு வரும். விபசாரத்தில் பிடிபட்டாள் என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துகிறார்கள். லேவியர் நூலின் சட்டம் இருவரையும் குற்றவாளிகளாகக் கூறுகிறது. கொண்டுவரப்பட்டவளோ பெண் மட்டுமே. சட்டத்தின் பெயரால் வந்தவர்கள் சட்டத்தின் பாதியை வீட்டிலேயே விட்டுவந்திருந்தார்கள். இயேசு பெருமான் உடனே விடை கூறவில்லை; குனிந்து தரையில் எழுதுகிறார். அந்தத் தாமதமே கல் ஏந்திய கைகளைத் தம்மைத் தாமே நோக்க வைத்தது. எல்லாரும் போனபின் அவளைத் தீர்ப்பிடாமல் அனுப்புகிறார். ஆயினும் நடந்தது பாவமே அன்று என்று அவர் சொல்லவில்லை. இனி அதைச் செய்யாதிருக்கும்படி சொல்லியே அனுப்புகிறார். ஆளைக் காப்பாற்றினார், செயலுக்கு இட்ட பெயரை மாற்றவில்லை. இரக்கம் காட்டும் ஆர்வத்தில் செயலின் பெயரையே மாற்றிவிடுவது நம் வழக்கம். திருட்டைக் 'கைமாற்று' என்போம். மனைவியை அடிப்பதைக் 'குடும்ப விவகாரம்' என்போம். பெயர் மாறியபின் மன்னிப்பதற்கும் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நூல் வெளியீட்டு மேடைகள்

கருணைக்கும் தீர்ப்புக்கும் உள்ள உறவைச் சோதித்துப் பார்க்க எளியதோர் இடம் நம் இலக்கிய மேடைகள். புதுவை வட்டாரத்தில் கவிதை எழுதாத தெரு இல்லை எனலாம். சேமிப்பைச் செலவிட்டுத் தொகுதி அச்சிடும் இளைஞர்கள் பலர். வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தி, பாரதியையும் பாரதிதாசனையும் அருகில் நிறுத்தி வாழ்த்துகிறோம். அவர்கள் ஆர்வத்தைக் கெடுக்கலாகாது என்ற நல்லெண்ணமே காரணம். அந்தக் கவிஞர் அடுத்த தொகுதியிலும் அதே பிழைகளோடு நிற்கிறார். அவரை நாம் வளர்க்கவில்லை. நம் மாலைப்பொழுதை இதமாக ஆக்கிக்கொண்டோம். அங்கே கருமம் சிதைந்தது.

மறுபக்கத்தில், ஒரு நூலை ஏளனம் செய்து தம் கூர்மையைக் காட்டுவோரும் உள்ளனர். அவர்கள் மதிப்புரையில் நூல் மறைந்துபோய் மதிப்புரைஞரே எஞ்சுகிறார். நல்ல திறனாய்வாளர் செய்வது வேறு. அவர் முதலில் நூலை முழுமையாகப் படிக்கிறார். இது சிறு செய்தி போலத் தோன்றும். ஆயினும் படிக்காமல் புகழ்வோரும் படிக்காமல் இகழ்வோருமே மிகுதி. எந்த அடி உயிரோடு இருக்கிறது, எது ஓசைக்காக இட்டு நிரப்பியது என்று குறித்துக் காட்டுகிறார். பொதுவான பழிச்சொல் எவரையும் திருத்தியதில்லை. குறிப்பான சுட்டுதல் திருத்தும். மேலும், கசப்பானதை எழுதியவரிடமே தனியே சொல்கிறார். இனிப்பானதை ஊரறியச் சொல்கிறார். ஆனால் வாசகர் ஏமாறும் நிலை வரின், ஊரறியச் சொல்லவும் தயங்குவதில்லை. ஏனெனில் வாசகரே அவருடைய கடைமடைக்காரர்.

செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறளில், கொடியவரை ஒறுத்தலைப் பயிருக்குக் களையெடுப்பதோடு வள்ளுவர் ஒப்பிடுகிறார். நம் பகுதிப் பெண்கள் நாற்று நட்ட வயலில் களையெடுப்பதைப் பார்த்தவர்கள் அவ்வுவமையின் முழுப்பொருளை உணர்வர். இளம்பயிரும் களையும் ஒன்றுபோலவே இருக்கும். எட்ட நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. குனிந்து, சேற்றில் கை வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் எது பயிர், எது களை என்று புலப்படும். களையெடுக்காதவள் பயிருக்கு இரங்காதவள். குனிந்து பாராமல் பறிப்பவள் பயிரையும் பறித்துவிடுவாள்.

எனவே ஒருவரைப் பற்றி முடிவெடுக்க நேரும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் மூன்று உள்ளன. இந்தக் குற்றத்தால் இழப்புற்றவர் நானா, பிறரா? நானாயின் பொறுத்தல் என் உரிமை. பிறராயின் முறை செய்தல் என் கடமை. இங்கே வராதவர் எவரேனும் உண்டா, அவர் சார்பில் யார் பேசினார்? குற்றம் சாட்டப்பட்டவர் தம் மொழியில் தம் பக்கத்தைச் சொல்லி, நாம் அதைக் கேட்டோமா? இவற்றுக்கு விடை தேடியபின் நாம் கண்டித்தாலும் அது கல்நெஞ்சம் ஆகாது. விட்டுக்கொடுத்தாலும் அது தாட்சணியம் ஆகாது.

இவ்வளவும் கேட்டபின்னும் தவறலாம். மனிதத் தீர்ப்பு அத்தகையதே. ஆகவேதான் திருத்திக்கொள்ள இடம் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அபராதம் விதித்த சங்கம் தவணை கொடுக்கலாம். மதிப்பெண் குறைத்த ஆசிரியர் மாலையில் அழைத்துப் பாடம் சொல்லலாம். பொருளாளரைப் பதவியிலிருந்து நீக்கிய ஊர், அவர் வீட்டுத் திருமணத்துக்குப் போகாமல் இருக்கவேண்டியதில்லை. மடையை அடைத்துவிட்டு, தலைமடைக்காரர் வீட்டு நோயாளியைப் பார்க்க அன்று மாலையே போய்வரலாம். தண்ணீர் அதற்குள் கடைமடைக்குச் சென்று சேர்ந்திருக்கும்.